ஐஸ் பெட்டியில் விடுதிப் பிள்ளைகள்

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் போகும் சாலையில் அந்த வெள்ளை வண்டிக்கு எல்லோரும் வழிவிட்டார்கள். ஷேர் ஆட்டோக்கள் ஒதுங்கின. பைக்கில் வந்த ஒருவர் ஓரங்கட்டி, ஹெல்மெட்டைக் கழற்றித் தலைகுனிந்து நின்றார். பூக்கடை வாசலில் உட்கார்ந்திருந்த அம்மாள் ஒரு பிடி உதிரிப்பூவை வண்டியின் மேல் வீசிக் கையெடுத்துக் கும்பிட்டார். டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆல்வின் என்ன செய்வதென்று தெரியாமல் பதிலுக்குக் கும்பிட்டான். தேர்தலில் நிற்பவன்தான் இப்படிக் கும்பிடுவான், துக்க வீட்டுக்காரன் கும்பிட மாட்டான் என்று பட்டதும் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் திணித்துக்கொண்டான்.

வண்டியின் பக்கவாட்டில் 'அமரர் ஊர்தி' என்று எழுதியிருந்தது. பின்னால் கண்ணாடி மூடி போட்ட ஐஸ் பெட்டி, அதன்மேல் ஒரு வெள்ளைத் துணி. பெட்டிக்குள் பிணம் இல்லை. தண்ணீரில் ஊறிய போட்டோக்கள் இருந்தன. பெட்டியின் அருகே கூட வந்த ஜெபா அழுதுகொண்டிருந்ததால், பார்ப்பவர்களுக்குச் சந்தேகம் வர வாய்ப்பே இல்லை.

ஆல்வினும் ஜெபாவும் எம்.ஏ. வரலாறு. படிப்பின் கடைசி ஆண்டில் ஏதாவது ஓரிடத்தில் பயிற்சி எடுத்தாக வேண்டும். ஆல்வினுக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலை ஓட்டல் ஒன்றிலும் இடம் கிடைத்தது. அவன் கல்லூரி நூலகத்தின் ஆவண அறையைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரே காரணம், அந்த அறையில் ஏ.சி. இருந்ததுதான். சேர்ந்த பிறகுதான் அது ஓடாத ஏ.சி. என்று தெரிந்தது. அதற்குள் கையெழுத்துப் போட்டுவிட்டான்.

ஊரார் நிலத்தில் கூலிக்கு உழைத்தவர்களின் பிள்ளைகளுக்காக மிஷன்காரர்கள் ஆரம்பித்த பள்ளிக்கூடம், பிறகு கல்லூரியாக வளர்ந்தது. முதலில் வந்தது விடுதி. கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு ஊருக்கு அனுப்புவதற்கு முன்னால் ஒவ்வொரு வருடமும் விடுதிப் பிள்ளைகள் எல்லோரையும் வரிசையாக நிற்கவைத்து ஒரு போட்டோ எடுப்பார்கள். அந்தக் காலத்தில் அந்த வீடுகளில் கண்ணாடி இருந்தாலே பெரிது, போட்டோவுக்கு எங்கே போவது. அதனால் அந்தப் பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேருக்கு உலகத்தில் இருக்கிற ஒரே முகம் இந்த ஆவண அறையில்தான் இருந்தது. இன்றைக்கும் மதுராந்தகம் பக்கத்திலிருந்து யாராவது வருவார்கள். அப்பா இங்கேதான் படித்தார், நினைவு ஜெபத்துக்கு மாட்ட ஒரு படம் வேண்டும் என்பார்கள். போன மாதம் வந்த ஒருவர் மூன்றாவது வரிசையில் ஒரு பையன்மேல் விரலை வைத்தவர், வெகுநேரம் எடுக்கவே இல்லை.

இந்தப் படங்களைக் கணினியில் ஏற்றுவதுதான் ஆல்வினின் வேலை. அவன் புதிய படங்களிலிருந்து தொடங்கினான். அவைதான் சுத்தமாக இருந்தன. சுலபமானதை முதலில் முடித்துவிட்டுக் கஷ்டமானதைக் கடவுளிடம் விடுவது பள்ளிக்கூடத் தேர்விலிருந்தே அவனுடைய முறை. பழைய படங்கள் இருந்த பெட்டிகளை, வருட வாரியாக அடுக்கலாம் என்று மேல்தட்டிலிருந்து இறக்கித் தரையில் வரிசையாக வைத்தான். வரிசை அவ்வளவு அழகாக இருந்ததால் அதைப் படமெடுத்து நூலகர் பிரபாவதி மேடத்துக்கும் அனுப்பினான். மேடம் கட்டை விரலை உயர்த்திக் காட்டும் படம் ஒன்றைப் பதிலாக அனுப்பியிருந்தார்.

அன்று பெய்த மழையில் ஏரி நிரம்பி, தெரு நிரம்பி, நூலகத்தின் கீழ்த்தளமும் நிரம்பியது. காலையில் வந்து பார்த்தால் தரையிலிருந்த பெட்டிகள் அத்தனையும் ஊறிப்போயிருந்தன. அவன் இறக்காமல் விட்ட பழைய வினாத்தாள்கள் மேல்தட்டில் ஒரு பொட்டுக்கூட நனையாமல் இருந்தன.

பிரபாவதி மேடம் திட்டவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் இறங்கினார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று ஆல்வினுக்குத் தோன்றியது.

அவர்களுக்கு ஆவணப் பாதுகாப்பில் பயிற்சி கொடுத்த சென்னை நிபுணர் ஃபோனில் சொன்னது சுருக்கம். வெயிலில் காயவைக்காதீர்கள். ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரிக்காதீர்கள். அப்படியே காய்ந்தால் எல்லாம் ஒட்டிச் செங்கல்லாகிவிடும், ஈரமாகவே இருந்தால் இரண்டொரு நாளில் பூசணம் பிடிக்கும். பட்டர் பேப்பரில் சுற்றி உறையவையுங்கள். உறைந்துவிட்டால் எத்தனை மாதம் கழித்தும் ஒவ்வொன்றாகக் காப்பாற்றலாம்.

உறையவைப்பதற்கு ஊரில் மின்சாரம் இல்லை. ஐஸ்கிரீம் கடைப் பெட்டிகள் எல்லாம் சூடாகக் கிடந்தன. கடலோரத்தில் இறால் குளிர்கிடங்கு வைத்திருக்கும் தனகோடியின் எண் ஆல்வினின் மாமா மூலம் கிடைத்தது. பெரிய ஜெனரேட்டர், மைனஸ் பதினெட்டு. கல்லூரிக் காகிதங்கள் கொஞ்சம் நனைந்துவிட்டன, ஒரு மாதம் வைக்க முடியுமா என்று ஆல்வின் கேட்டதற்கு, கொண்டாப்பா என்று சொல்லிவிட்டார். அங்கே போய்ச் சேரும்வரை இவற்றைக் குளிர்ச்சியாக வைத்திருப்பது எப்படி என்பதுதான் சிக்கல். அப்போதுதான் நூலகத்துக்கு எதிர்ச் சுவரில் ஒட்டியிருந்த கண்ணீர் அஞ்சலி போஸ்டரையும், அதன் பக்கத்திலேயே இருந்த, கரண்ட் இல்லாவிட்டாலும் வண்டி பேட்டரியில் ஓடும் ஃப்ரீசர் பாக்ஸ் விளம்பரத்தையும் ஆல்வின் பார்த்தான். தன் மூளையை நினைத்து அவனுக்கே புல்லரித்தது.

விளம்பரத்திலிருந்த எண்ணுக்குப் போட்டதும், எப்போ போச்சு என்று கேட்டது மறுமுனைக் குரல். நேற்று ராத்திரி, தண்ணியில என்றான் ஆல்வின். எத்தினி பேரு என்றது குரல். பேர் இல்லண்ணே, போட்டோ என்றான்.

"போட்டோவுக்கு இன்னாத்துக்குப்பா பெட்டி? மாலை போட்டா பத்தாதா?"

அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர்தான் இப்போது வண்டி ஓட்டிக்கொண்டிருந்த முத்துசாமி. வண்டி கல்லூரி வாசலில் வந்து நின்றபோதே முன்னாள் மாணவர்கள் இரண்டு பேர் ரோஜா மாலையோடு வந்துவிட்டார்கள். பிரபாவதி மேடம் எப்படிப் போனார் என்று அவர்கள் விசாரித்தது, சேறு அப்பி அடையாளம் தெரியாமல் நின்ற பிரபாவதி மேடத்திடமே. அந்தக் களேபரத்தில், தனகோடியிடம் வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவேண்டும் என்பது யாருக்கும் தோன்றவில்லை.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே, சவுக்குத் தோப்பை ஒட்டி, தகரக் கூரை போட்ட அந்தக் குளிர்கிடங்கு இருந்தது. வாசலில் பத்துப் பதினைந்து பெண்கள் குட்டி ஸ்டூல்களில் உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டிருந்தார்கள். வண்டி உள்ளே திரும்பியதும் கைகள் நின்றன. ஒருத்தி எழுந்தாள். பிறகு எல்லோரும் எழுந்து சுவரோரமாக ஒண்டினார்கள். அலுமினியத் தட்டு ஒன்று கவிழ்ந்து உருண்டு போனது, அதை யாரும் எடுக்கவில்லை.

தனகோடி உள்ளேயிருந்து ஓடிவந்து பானெட்டில் ஓங்கித் தட்டினார்.

"யாரு வூட்டு சாவுடா இது? இங்க இன்னாத்துக்கு வர்ற?"

ஆல்வின் இறங்கி விளக்கினான். விளக்க விளக்க, தான் சொல்வது தனக்கே பொய்போலக் கேட்டது. காலையில் ஃபோனில் பேசியவன் அவன்தான், இவைதான் அந்தக் காகிதங்கள், வண்டியில் குளிர்ச்சி இருக்கிறதே என்றுதான் இதை எடுத்துவந்தது. தனகோடி கவனித்துக்கொண்டிருந்தது அவனை இல்லை, சாலையை. யாராவது பார்த்துவிட்டார்களா என்று கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இன்றைக்குச் சரக்கெடுக்க ஏஜென்ட் வருகிறார். கிடங்குக்குள் சாவு வண்டி போனது என்று ஒருத்தன் வாய் திறந்தால் போதும், தனகோடி இறாலில் பிண வாடை என்று கடற்கரை முழுக்கப் பரவிவிடும். திருப்பு வண்டியை என்றார்.

அப்போது முத்துசாமியின் ஃபோன் அடித்தது. அவர் கேட்டார், உம் கொட்டினார், வைத்தார். திருக்கழுக்குன்றத்துக்குப் பக்கத்தில் ஒரு வீட்டில் ஓர் அம்மாள் இறந்துவிட்டாராம். கரண்ட் இல்லை. மகன் பெங்களூரிலிருந்து வந்தாக வேண்டும். மழையில் எல்லாப் பெட்டியும் வெளியே போயிருக்கிறது, மிச்சம் இது ஒன்றுதான்.

"தம்பி, நான் உடனே கெளம்பணும். அங்க நெசமாவே ஒருத்தங்க செத்துகீறாங்க."

ஆல்வின் ஐஸ் பெட்டியைத் திரும்பிப் பார்த்தான். பெட்டியை விட்டு எடுத்தால் படங்கள் இந்தப் புழுக்கத்தில் கிடக்கவேண்டும். செங்கல்பட்டுக்குத் திரும்பினால் மின்சாரம் இல்லை. நேற்றுவரை காய்ந்து, பத்திரமாக, மேல்தட்டில் இருந்த பிள்ளைகள். இவனுடைய அழகான வரிசைக்காகத் தரைக்கு வந்த பிள்ளைகள்.

உள்ளே பிணம் இல்லையென்றால் வெள்ளைத் துணி எதற்கு என்று தனகோடி கேட்டார். அது விடுதிப் படுக்கை விரிப்பு, வெளிச்சம் படாமல் இருக்கப் போர்த்தியது என்று ஆல்வின் சொல்வதற்குள் ஜெபா பின்கதவைத் திறந்து விரிப்பை உருவிவிட்டாள். கண்ணாடிக்குக் கீழே, ஓர் ஆள் படுக்கிற இடத்தில், பட்டர் பேப்பர் பொட்டலங்கள் நெருக்கமாக அடுக்கியிருந்தன.

சுவரோரத்திலிருந்து ஞானம்பாள் என்கிற பெண் மட்டும் கிட்டே வந்தாள். இறால் வாடையடிக்கிற கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே எட்டிப் பார்த்தாள்.

"பொட்டலத்துல இன்னா? அஸ்தியா?"

"இல்லம்மா, போட்டோ. எங்க ஆஸ்டல் புள்ளைங்க" என்றான் ஆல்வின்.

"புள்ளைங்க இருக்குதுங்களா?"

உயிரோடு இருக்கிறார்கள் என்று சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை. ஆனால் பயிற்சி தொடங்கிய முதல் நாளிலிருந்து, தெரியாததைத் தெரியும் என்று எழுதாதே என்று பிரபாவதி மேடம் அவன் மண்டையில் ஏற்றியிருந்தது தப்பான நேரத்தில் வேலை செய்தது.

"பாதிக்கு மேல இல்லம்மா."

ஜெபா அவன் காலை மிதித்தாள். மிதி கொஞ்சம் தாமதமாக வந்தது.

"அதான பார்த்தேன்" என்றார் தனகோடி. "செத்தவங்களத்தான் கொண்டாந்துகீற."

ஞானம்பாள் அதற்குள் மூடியைத் தூக்கிவிட்டாள். நாளெல்லாம் ஓடு உரிக்கிற கை. மேலே இருந்த பொட்டலத்தின் காகிதத்தைக் கட்டை விரலால் ஒரே இழுப்பில் விலக்கினாள். ஆல்வின் கத்த வாயைத் திறந்தான், காற்றுதான் வந்தது. ஊறிய போட்டோவின் மேற்பரப்பு என்பது பாலாடை மாதிரி. அவள் விரல் பட்டது, எடுத்தாள். படத்தில் இரண்டாவது வரிசையில் நின்ற ஒரு சிறுமிக்குக் கழுத்துக்குமேல் வெள்ளையாக இருந்தது.

முகம் ஞானம்பாளின் கட்டை விரலில் இருந்தது. நகத்தளவு முகம். எண்ணெய் வைத்து வாரி, நடுவகிடு எடுத்த தலை.

ஞானம்பாள் அந்தக் கையை இன்னொரு கையால் மணிக்கட்டில் பிடித்து, தன்னிடமிருந்தே தள்ளி நீட்டிக்கொண்டு நின்றாள். கட்டை விரல் நடுங்கக் கூடாது என்று உடம்பு முழுவதையும் இறுக்கியிருந்தாள்.

"வந்துடுச்சு. நான் இன்னா பண்ணுவேன். கழுவிடலாமா?"

"கழுவாதீங்கம்மா" என்றான் ஆல்வின். "அப்டியே நில்லுங்க."

ஜெபா புதிய பட்டர் பேப்பர் ஒன்றைக் கிழித்து விரலுக்கு அடியில் பிடித்தாள். ஆல்வின் ஞானம்பாளின் விரலைக் காகிதத்தின்மேல் இறக்கினான். ரேஷன் கடையில் கைரேகை வைக்கிற மாதிரி, ஆனால் அதைவிட நூறு மடங்கு மெதுவாக, ஒரு பக்கமாக உருட்டி எடுத்தான். முகம் காகிதத்துக்கு வந்தது. ஒரு காது மட்டும் விரலிலேயே தங்கிவிட்டது. எதிரே நின்ற தனகோடி மூச்சுவிட்டது அவனுக்குக் கேட்டது.

யார் பிள்ளை இது என்று ஞானம்பாள் கேட்டாள். தெரியாது என்றான் ஆல்வின். பேர் எழுதி வைக்கிற பழக்கம் அப்போது இல்லை. என்றைக்காவது யாராவது வந்து, இது எங்க அம்மா என்று விரல் வைத்துக் காட்டினால்தான் தெரியும். வருகிறவர்கள் வருகிறவரை முகம் இருக்கவேண்டும். அவ்வளவுதான் அவர்கள் வேலை.

ஞானம்பாள் தனகோடியைப் பார்த்தாள்.

"நைனா, நின்னு பேசிகினே இருந்தா புள்ளைங்க கரைஞ்சி பூடும். உள்ள வய்யி."

தனகோடி தலையைச் சொறிந்தார். இறால் அறையில் முடியாது, தூண்டில் இரை வைக்கிற பழைய சின்ன அறை காலியாக இருக்கிறது, அதுவும் அதே மைனஸ் பதினெட்டுதான், அங்கே வைக்கலாம் என்றார். ஆனால் வண்டி கேட்டுக்கு வெளியே, தோப்புக்குப் பின்னால் போய் நிற்கவேண்டும். அங்கிருந்து கையில் தூக்கி வரவேண்டும். அப்புறம் இன்னொன்று.

"இந்த வண்டில வந்தவங்க தலைக்கு ஊத்திகினுதான் உள்ள காலு வைக்கணும். தொட்டில தண்ணி கீது."

ஆல்வின் ஓரடி எடுத்துவைத்தான். நின்றான்.

குளித்துவிட்டு வா. வெளியே நில். கையில் தூக்கி வா. சாவு வீட்டுக்குப் போய் வந்தால் குளிப்பது எல்லா வீட்டிலும் உள்ளதுதான், அவன் வீட்டிலும் உண்டு. ஆனால் அவன் அப்பா இதே வார்த்தைகளைச் சாவே நடக்காத வீடுகளின் வாசலில் கேட்டிருக்கிறார். பெட்டிக்குள் படுத்திருக்கிற பிள்ளைகள் அதைவிட அதிகம் கேட்டிருப்பார்கள். இப்போது இது எதற்கென்று கேட்டால் கதவு மூடிக்கொள்ளலாம். கேட்காமல் குளித்தால் அவனால் அந்த ஈரத்தைத் துவட்டவே முடியாது. ஜெபா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த முறை காலை மிதிக்கவில்லை.

"அண்ணே, ஒண்ணு கேக்கறேன். இந்தக் குளியல் வண்டிக்கா, எங்களுக்கா?"

தனகோடிக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. புரிந்தது முகத்தில் தெரிந்தது. காதோரம் வரை கறுத்தது, தாடை இறுகியது. போச்சு என்று நினைத்தான் ஆல்வின். ஒரு கேள்விக்கு இத்தனை வருடப் பிள்ளைகளையும் விலையாகக் கொடுத்துவிட்டேன். முத்துசாமி ஃபோனில் யாரிடமோ, வந்துகினே கீறேன்மா, இதோ வந்துகினே கீறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

தனகோடி ஒன்றும் பேசாமல் தொட்டிப் பக்கம் போனார். பக்கெட்டை முக்கி எடுத்தார். தூக்கித் தன் தலையில் கவிழ்த்தார். சட்டை, லுங்கி, சட்டைப் பையிலிருந்த ஃபோன் எல்லாவற்றின்மேலும் தண்ணீர் ஓடியது.

"நானுந்தான் வண்டியத் தொட்டேன்" என்றார். பக்கெட்டை ஆல்வினிடம் நீட்டினார். "எங்க அண்ணன் சுடுகாட்லருந்து வந்தாலும் இதான் சட்டம். புடி."

ஆல்வின் வாங்கிக்கொண்டான். தண்ணீர் தலையில் விழுந்தபோது கண்ணை மூடிக்கொண்டதால் அடுத்து என்ன முகபாவம் காட்டுவது என்ற கவலை இல்லாமல் போயிற்று. கண்ணைத் திறந்தபோது தனகோடி ஃபோனை எடுத்து உதறிக்கொண்டிருந்தார்.

"ஆன் பண்ணாதீங்கண்ணே" என்றான். நனைந்த பொருள் என்றால் இப்போது அவனுக்கு வாய் தானாக ஓடியது.

ஜெபா துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு ஊற்றிக்கொண்டாள். ஞானம்பாளும் ஊற்றிக்கொண்டாள். சுவரோரம் நின்றவர்களில் இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். முத்துசாமியைக் கேட்டதற்கு, ஒவ்வொரு சவாரிக்கும் குளித்தால் சோப்பு மாதிரி கரைந்துவிடுவேன், நான் உள்ளே வரவில்லை என்று சொல்லி, வண்டியைத் தோப்புக்குப் பின்னால் நிறுத்தி, அங்கேயே நின்று பெட்டியிலிருந்து எடுத்து எடுத்துக் கொடுத்தார்.

பிறகுதான் கஷ்டம் ஆரம்பித்தது. சொட்டச் சொட்ட நனைந்த உடம்போடு மைனஸ் பதினெட்டுக்குள் போவது என்னவென்று எந்தப் பயிற்சியிலும் சொல்லிக்கொடுக்கவில்லை. இறால் தட்டில் பிளாஸ்டிக் விரித்து, அதில் பொட்டலங்களை ஏந்தி, தோப்பிலிருந்து ஓட முடியாமல் ஓடி, கதவைத் திறந்தால் குளிர் மூஞ்சியில் அறைந்தது. முதல் முறை தலைமுடி விறைத்தது. அடுத்த முறை சட்டை அட்டையாயிற்று. செருப்பை வெளியே விட்டதால் உள்ளங்கால் தரையில் பற்றிக்கொண்டு, எடுக்கும்போது சுரீரென்றது. தட்டு ஆடினால் பொட்டலம் சரியும், சரிந்தால் உள்ளே முகங்கள் இடம் மாறும். அங்கே இருந்த ஒரே கம்பளிக் கோட்டைத் தனகோடி ஜெபாவுக்குக் கொடுத்தார். அவள் அதை ஞானம்பாளுக்குக் கொடுத்தாள். ஞானம்பாள் அதைப் பொட்டலங்களின்மேல் வெயில் படாமல் போர்த்தி எடுத்து வந்தாள்.

உதடு நீலம் பாரித்த ஜெபா, ஏதாவது ஜோக் சொல்லுடா என்றாள். ஆல்வின் யோசித்துப் பார்த்தான். வாழ்க்கையில் முதல்முறையாக ஒன்றும் வரவில்லை.

கடைசித் தட்டு போனதும் முத்துசாமி அந்தப் படுக்கை விரிப்பாலேயே பெட்டியின் உட்புறத்தை ஒரு மூலை விடாமல் துடைத்தார். விரிப்பை மடித்து ஆல்வினிடம் கொடுத்துவிட்டு, அங்க காத்துகினு கீறாங்க என்று மட்டும் சொல்லிப் புறப்பட்டார். வண்டி தோப்பைத் தாண்டுகிறவரை ஆல்வின் பார்த்துக்கொண்டு நின்றான். இந்தத் தடவை கும்பிடத் தோன்றியது, கும்பிட்டான்.

கதவு மூடுவதற்கு முன்னால் ஒருமுறை உள்ளே போனான். முதலில் வைத்த பொட்டலத்தைத் தொட்டுப் பார்த்தான். காலையில் பாலில் ஊறிய ரொட்டி மாதிரி துவண்டு கிடந்தது. இப்போது ஓரம் விறைத்து, விரல் நகத்தால் தட்டினால் ஓடு மாதிரி டக்கென்றது. அதன் பக்கத்தில், தனியாகச் சுற்றிய சின்னக் காகிதத்தில், காதில்லாத அந்தச் சிறுமி. அதைத் தட்டிப் பார்க்க அவனுக்குத் தைரியம் வரவில்லை.

வெளியே வந்தபோது ஜெபாவின் ஃபோனில் பிரபாவதி மேடம் இருந்தார். எல்லாம் உள்ளே போய்விட்டதா என்று கேட்டார். ஆல்வின் பதில் சொல்ல வாயெடுத்தான். பற்கள் தடதடவென்று அடித்துக்கொண்டதில் வார்த்தை துண்டு துண்டாக விழுந்தது. ஒரு முகம் மட்டும் உரிஞ்சு வந்துடுச்சு மேடம், மத்தது எல்லாம் என்று ஆரம்பித்தான், முடிக்க முடியவில்லை.

"அழறியா ஆல்வின்?"

"இல்ல மேடம். குளிரு."

மேடம் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அழறதுன்னா வெளியில நின்னு அழு. உள்ள ஈரத்தைக் கொண்டுபோயிடாத."

ஆல்வின் குனிந்து தன் காலடியில் பெருகி நின்ற குட்டையைப் பார்த்தான்.

"சரி மேடம்" என்றான்.